ஒட்டுவதற்கு முன் ஒருமுறை

எனக்குப் பொறுமை கிடையாது. ஜெராக்ஸ் மெஷின் சூடாவதற்கு எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத்தைக்கூட என்னால் சும்மா நின்று கழிக்க முடியாது. அப்படிப்பட்ட என்னை, பென்னாகரத்தில் தாலுகா ஆபீஸ் போகிற ரோட்டில், ஒரே அறையில் ஐந்து வருடம் அந்தம்மாவோடு உட்கார வைத்தது எந்தச் சாமி என்று தெரியவில்லை. அறையில் பாதி என்னுடைய ஜெராக்ஸும் லேமினேஷனும். மறுபாதி அவருடைய கம்ப்யூட்டர். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மட்டும்தான். மனு போட வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர் என்பதால் என்னை அண்ணா என்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் மனு அக்கா. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவருடைய எழுத்தை ஒருமுறை வெளியே அனுப்பி நான் பட்டது போதும்.

மனு போடுவது இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். வெப்சைட்டைத் திறந்து பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் போட்ட பிறகு கோரிக்கையை எழுத ஒரு பெட்டி வரும். மற்ற கடைகளில் அந்தப் பெட்டிக்குள்ளேயே தட்டி, அனுப்பி, ரசீதைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் ஆளைக் கிளப்பிவிடுவார்கள். அந்தம்மா அந்தப் பெட்டியில் ஒரு எழுத்தைக்கூட நேரடியாகத் தட்டி நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு எடிட்டர் இருந்தது. கம்ப்யூட்டரோடு வருகிற நோட்பேட் இல்லை. எங்கிருந்தோ இறக்கி, பென் டிரைவில் போட்டு, கைப்பையிலேயே வைத்திருந்தார். கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, இடது ஓரத்தில் வரி எண், கீழே மூலையில் இதுவரை எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கை. ஸ்டூலில் இருப்பவர் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். மனுவை அங்கேதான் எழுதுவார். வாய்விட்டுப் படித்துக் காட்டுவார், திருத்துவார், மறுபடி படிப்பார். எதிரில் இருப்பவர் தலையாட்டிய பிறகுதான் மொத்தத்தையும் காப்பி செய்து வெப்சைட்டில் கொண்டுபோய் ஒட்டுவார்.

"சோத்த ஒரு தட்டுல போட்டுப் பெசைஞ்சி, அப்பறம் இன்னொரு தட்டுக்கு மாத்தித் திங்கற மாதிரி இருக்குதும்மா" என்று ஒருநாள் சொன்னேன்.

"நீங்க ஒரே தட்டுல தின்னுங்கண்ணா. யாரு வேணாங்கறது?"

"இல்ல, வரிசை நிக்குதே."

"அந்தப் பொட்டிக்குப் பொறுமை கெடையாது, உங்களாட்டம். கொஞ்ச நேரம் யோசிச்சிக்கிட்டு உக்காந்தா வெளிய தள்ளிடும். எழுதனது பூராவும் போயிடும். இங்க எழுதுனா எங்கயும் போவாது."

அதில் உண்மை இருந்தது. கரண்ட் போய் வந்தாலும் அந்த எடிட்டரைத் திறந்தால் விட்ட இடத்திலேயே எல்லாம் அப்படியே இருக்கும். சேமிக்கக்கூட வேண்டாம். ஆனால் மனுவுக்கு மட்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சிலிண்டர்காரருக்கு 'நாளைக்கு ஒன்று வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் சொல்வதற்கும் முதலில் எடிட்டரில்தான் எழுதுவார். வாட்ஸ்அப்பையும் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்திருந்தார். மாதா கோயில் பாடல் குழுவில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் அன்று காலையில் எனக்கு டீ வாங்கப் போக நேரம் கிடைக்கும். ஒருமுறை யாருக்கோ 'சரி' என்பதா 'சரிங்க' என்பதா என்று இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒகேனக்கல் ரோட்டில் காட்டை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சிறுத்தை அவருடைய ஆட்டைத் தூக்கிவிட்டது. அந்தம்மா எழுதிப் படித்துக் காட்டினார். பெரியவர் தலையாட்டவில்லை.

"எல்லாஞ் செரிம்மா. ஆனா அது வெறும் ஆடு இல்ல. சினையா இருந்துது. வவுத்துல ரெண்டு குட்டிங்க."

அதையும் சேர்த்தால் எழுத்து எண்ணிக்கை தாண்டியது. வெப்சைட் ஏற்காது. நானாக இருந்தால், தாத்தா, ஆடு என்றாலே போதும் என்று அனுப்பியிருப்பேன். அந்தம்மா மனுவை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். மாண்புமிகு போயிற்று. சமூகத்திற்கு போயிற்று. பணிவுடன், தாழ்மையுடன், தங்களின் மேலான பார்வைக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. பெரியவர் பதறிவிட்டார்.

"மருவாதி இல்லாம அனுப்பனா ஆபீசரு கோவிச்சிக்க மாட்டாருங்களா?"

"கோவிச்சிக்கிட்டா என்கிட்ட வரட்டுங்க. சினையா இருந்துதுங்கறது போவக் கூடாது."

அந்த மனுவில் கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு ஆடு, இரண்டு குட்டி, ஒரு சிறுத்தை, ஒரு கையெழுத்து. படித்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

இன்னொரு நாள் ஒரு பொம்பளை ஆவேசமாக வந்து, மருமகள் மேல் போலீசுக்குப் புகார் எழுது என்று உட்கார்ந்தது. சோறு போடவில்லை, கை நீட்டினாள், இன்னும் என்னென்னவோ. அந்தம்மா மறுபேச்சு இல்லாமல் அத்தனையும் தட்டினார். பிறகு நிதானமாகப் படித்துக் காட்டினார். தன் வாயிலிருந்து வந்ததையே இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்கக் கேட்க அந்தப் பொம்பளையின் முகம் மாறியது.

"கை நீட்டுனான்னு இருக்குதே, அத எடுத்துடு கண்ணு. நீட்டுல. ஓங்குனா, அவ்ளதான்."

எடுத்தார். மறுபடி படித்தார். இன்னொரு வரி போனது. கடைசியில், "இப்ப அனுப்ப வேணாம், இருக்கட்டும்" என்று எழுந்து போனது. அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அன்றைக்கு நான் மனசுக்குள் ஒத்துக்கொண்டேன், இந்த முறையில் ஏதோ இருக்கிறது என்று. வெளியே சொல்லவில்லை.

எடிட்டரின் மேல்பக்கத்தில், திறந்திருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தாவல், டேப் என்பார்களே, அது வரிசையாக நிற்கும். மனுக்கள் வரும், போகும். இடது கோடியில் இருந்த முதல் தாவல் மட்டும் போகவே போகாது. அதற்குப் பெயரும் வைக்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன் அதைத் திறந்து இரண்டு வார்த்தை மாற்றுவார், ஒரு வரியை எடுப்பார், அப்படியே மூடுவார். அது யாருக்கு என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அந்தம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார்.

"என் தம்பிக்குங்கண்ணா."

தம்பி ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். போன வருடம் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் காலையில் அப்பா நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். கேஸாக இருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான். மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபடியே அந்தம்மா போனை எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், 'அப்பாவைக் கொன்னது நீதான்' என்று நேராகத் தட்டி அனுப்பிவிட்டார்.

"அஞ்சு நிமிசம் கழிச்சி அழிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் பாத்துட்டாங்க. அவன் குரூப்ப வுட்டுப் போனான். அதோட பேச்சு இல்ல. அதுவரைக்கும் மனுவ மட்டுந்தான் எடிட்டர்ல எழுதுவேன். அன்னையிலருந்துதான் நான் எதையும் நேராத் தட்டறது இல்லீங்க."

"ஒரு போன் பண்ணிடேம்மா."

"வாயிலயும் அப்பிடித்தான் வந்துடும். எழுதித்தான் அனுப்பணும். சரியா வரட்டும்."

சரியாக வரவேயில்லை. மாதங்கள் போயின. அப்பாவுக்கு முதல் வருட நினைவுத் திருப்பலி நடந்தது. தம்பி வரவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய சித்தி போனில் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு அந்தம்மா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"தம்பி குவைத்துக்குப் போறானாம். வெள்ளிக்கெழம பிளைட்டு. வர மூணு வருசமாவுமாம்."

"அப்பறம் என்னா? அனுப்பு இப்பவே!"

"ரெண்டு வரி இடிக்குதுங்கண்ணா. நாளைக்குப் பாத்து அனுப்பறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. நாளைக்கு என்பது அவரிடம் எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியாதா? மத்தியானம் ஒரு கட்டு மனுவை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். வாட்ஸ்அப் திறந்தே இருந்தது. எடிட்டரும் திறந்தே இருந்தது. நான் எழுந்துபோய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தாவலைத் தொட்டேன். 'அன்புள்ள தம்பிக்கு, நீயும் உன் குடும்பத்தாரும் நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன்' என்று ஆரம்பித்தது. அதற்குமேல் படிப்பது தப்பு என்று தோன்றியது. அனுப்புவது தப்பு என்று தோன்றவில்லை, பாருங்கள். முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, தம்பி பெயரைத் தேடிப் பிடித்து, ஒட்டி, அனுப்பினேன். அது திரையில் ஏறியபோதுதான் எவ்வளவு நீளம் என்று பார்த்தேன். எழுந்து வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் திரும்பி வந்ததும் நானே சொன்னேன். கோபப்படுவார், பிறகு நிம்மதியாவார் என்று நினைத்திருந்தேன்.

"எவ்வளவுங்கண்ணா அனுப்புனீங்க?"

"முழுசும்."

"முழுசுமா? கோடு போட்டதுக்குக் கீழ இருந்ததுமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தம்மா மேலே இருக்கிற கடிதத்தைத்தான் திருத்துவார், பழைய கடிதங்களை அழிப்பதே கிடையாது. புதிதாக எழுதுவதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவிட்டு, ஒரு கோடு போட்டு, பழையதைக் கீழே அப்படியே விட்டுவிடுவார். அந்தத் தாவலில் இருந்தது ஒரு கடிதம் இல்லை. பதினேழு கடிதம். கீழே போகப் போகப் பழசு. கடைசியில் இருப்பது அடக்கம் முடிந்த மறுநாள் எழுதியது, ஆத்திரம் ஆறாமல் எழுதியது. நான் பதினேழையும் அனுப்பியிருந்தேன்.

அவர் மௌஸைப் பிடித்து அந்தச் செய்தியை அழிக்கப் போனார். பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டிருந்தது. தம்பி பார்த்துவிட்டான். பதில் எதுவும் இல்லை. அந்தம்மா கம்ப்யூட்டரை அணைத்தார், பையை எடுத்தார், என்னைப் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததில்லை. அன்று மூன்று பேருக்கு ஆதாரை லேமினேஷன் செய்ததில் மூன்றும் சுருங்கிப்போயின.

மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தார். மனுக்களை எழுதினார், படித்துக் காட்டினார், ஒட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பதினொரு மணிவாக்கில் கடை வாசலில் ஒருத்தன் தோளில் பையோடு வந்து நின்றான். நெற்றியும் மூக்கும் அப்படியே அந்தம்மா. ஸ்டூலில் இருந்த ஆளை என் பக்கம் வரச் சொல்லிச் சைகை காட்டினேன். தம்பி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"மேலும் படிக்கன்னு அமுக்கி அமுக்கி வெரலு நோவுதுக்கா."

அந்தம்மா தலை நிமிரவில்லை.

"நான் அனுப்பலடா அத."

"மேல இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கலெக்டருக்கு எழுதனாப்பல இருக்குது. அத மட்டும் அனுப்பியிருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு பிளைட் ஏறியிருப்பேன். கடைசியில இருக்கறத எப்ப எழுதன?"

"அடக்கம் முடிஞ்ச மறாநாளு."

அவன் போனைப் பார்த்துப் படித்தான். அந்தக் கடிதத்தின் பாதிவரை ஒரே வசவுதான். அதையும் விடாமல் படித்தான். அதற்குப் பிறகு இப்படி இருந்தது: 'காலைல நீ போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டுமான்னு கேட்ட. கேஸாத்தான் இருக்கும், சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன்னு சொன்னது நான். இங்க கூட்டம். நீ அத யாருகிட்டயும் சொல்லல. நானும் சொல்லல.'

அந்த வரி அடுத்த கடிதத்தில் கொஞ்சம் சுருங்கியிருந்ததாம். அதற்கடுத்ததில் பாதி. மேலே வர வர, இடிக்கிறது இடிக்கிறது என்று திருத்தி, கடைசியில் அது இல்லவே இல்லை.

"மாமா, சித்தி, பங்காளிங்க எல்லாம் என்னத்தான் கேட்டாங்க" என்றான் தம்பி. "அக்காதான் சொல்லுச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பனா? நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ அந்த மெசேஜப் போட்ட. இந்த ஒரு வரிக்குத்தான்க்கா ஒண்ணேகால் வருசம்..."

அந்தம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா சொன்னேன், நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதாமல், திருத்தாமல், அழுதுகொண்டே. மனுவுக்கு நின்றவர்கள் ஒவ்வொருத்தராக வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

என்னால் போக முடியவில்லை. அவருடைய அப்பா இறந்த நாளின் காலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று மனுநாள், கடையில் கூட்டம், வாசல்வரை வரிசை. அந்தம்மா காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ, "எப்ப இருந்து வலிக்குதாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வரிசை நிக்குதும்மா, போன வெச்சிட்டு அப்பறம் பேசு" என்று குரல் கொடுத்தது நான்தான். அவர் வைத்துவிட்டார். இத்தனை நாளில் அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. பதினேழு கடிதத்தில் ஒன்றிலாவது எழுதியிருந்தாரா என்றும் எனக்குத் தெரியாது. தம்பியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று அக்காவும் தம்பியும் சேர்ந்து அப்பா கல்லறைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை அவன் பிளைட் ஏறினான். சித்தி, மாமா எல்லோரும் இருக்கிற அந்தக் குரூப்பில், நடந்ததை உள்ளபடி அந்தம்மா எழுதிப் போட்டாராம். தம்பியை மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டுத்தான் போட்டாராம்.

திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக மேசையைத் திருப்பிப் போட்டார். திரை சுவரைப் பார்த்தது. ஸ்டூலைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் போய் நின்றேன்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. ஆனா நல்லபடியாத்தான முடிஞ்சிது."

"நல்லபடியா முடிஞ்சா பண்ணது சரியாயிடுங்களா அண்ணா?"

"அப்ப ஒரு வார்த்த திட்டிடு. பேசாம இருக்காத."

"எழுதிக்கிட்டு இருக்கறங்க. சரியா வந்ததும் அனுப்பறேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தோம். டீ குடித்தோம், மழைக்கு ஷட்டரை இறக்கினோம், பேசினோம், சிரிக்கக்கூடச் சிரித்தோம். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் மட்டும் அவர் ஏதோ ஒன்றைத் திறந்து இரண்டு நிமிடம் தட்டுவார். சுவரைப் பார்த்த திரையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு தர்மபுரி டவுனில் சொந்தமாகக் கடை பிடித்துப் போய்விட்டார். அங்கே நல்ல கூட்டம் என்று கேள்வி.

இன்னும் எதுவும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குக் கீழே சில சாயங்காலங்களில் 'ஆன்லைன்' என்று வரும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பொறுமையாக. வந்தால் கீழேயிருந்துதான் படிப்பேன்.